குடிலில் ஓடும் ரயில்

(திருவருகைக் கால வானொலி மறையுரை)



கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு இன்னும் சில நாள்களே இருக்கின்றன. பங்குகளில் குடில் வேலை தொடங்கியிருக்கும். வைக்கோல் வாங்கியாயிற்றா, போன வருடத்து ஒட்டகத்துக்குக் கால் ஒட்டியாயிற்றா, சீரியல் பல்பு எரிகிறதா என்று இளையோர் இரவெல்லாம் கோயிலைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். 1223-ஆம் ஆண்டு, இத்தாலியில் கிரேச்சோ என்னும் சிற்றூரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் ஒரு தீவனத் தொட்டியையும், வைக்கோலையும், மாட்டையும், கழுதையையும் கொண்டுவந்து கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடினார். அந்த இரவின் நினைவாகத்தான் நாம் இன்றும் குடில் வைக்கிறோம். 2019 டிசம்பர் முதல் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அதே கிரேச்சோவுக்குப் போய், குடிலைப் பற்றி ஒரு திருத்தூது மடலில் கையெழுத்திட்டார். நற்செய்தியில் இல்லாத உருவங்களையும், அன்றாட வேலை செய்யும் மனிதர்களையும் மக்கள் குடிலில் சேர்ப்பதை அந்த மடலில் அவர் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறார். நம் வாழ்க்கை முழுவதும் அந்தக் குழந்தையின் அருகில் வரலாம் என்பதே அதன் பொருள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எங்கள் குடிலில் ஒரு ரயில் இருக்கிறது. "பெத்லகேமில் ஏது ரயில்?" என்று கேட்பவர்களுக்கு நான் திருத்தந்தையின் மடலைக் காட்டிவிடுவேன்.

பாகூர்ப் பக்கம் ரயில் பாதை கிடையாது. ரயிலைப் பார்க்க வேண்டுமானால் வில்லியனூருக்கோ, கடலூர் திருப்பாதிரிப்புலியூருக்கோ போக வேண்டும். அதனால்தானோ என்னவோ, எங்கள் பிள்ளைகளுக்கு ரயில் என்றால் அவ்வளவு ஆசை. பிரான்சில் குடியேறிய எங்கள் பங்குக் குடும்பம் ஒன்று அங்கிருந்து ஒரு சின்ன ரயிலை அனுப்பி வைத்தது. கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் பொம்மை போன்றது அல்ல. உண்மையான ரயிலை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்த மாதிரி. தண்டவாளம் உலோகம். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 16.5 மில்லிமீட்டர், அதாவது ஒரு சுண்டு விரல் அகலம். அதை ஒரு பெரிய பிளைவுட் பலகையில் திருகாணி போட்டு இறுக்கி, பலகையை இரண்டு பெஞ்சுகளின் மேல் வைத்து, சுற்றிலும் துணி கட்டி, இளையோர் போன ஆண்டு ஓட்டிவிட்டார்கள்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. சத்தம்தான் தாங்கவில்லை. உள்ளங்கையில் அடங்கும் எஞ்சின், நெல் அரைக்கும் மில் மாதிரி இரைந்தது. மாலையில் குடில் முன்னால் உட்கார்ந்து செபமாலை சொல்லும் மூதாட்டிகள் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஒரு பாட்டி வந்து, "சாமி, நான் சொல்ற அருள் நிறைந்த மரியே எனக்கே கேக்கல" என்றார். ரயிலை எடுக்கச் சொல்லி ஒரு கூட்டம். எடுத்தால் குடிலே போடமாட்டோம் என்று இன்னொரு கூட்டம். பங்குப் பேரவையில் ஒரு மணி நேரம் இதே பேச்சு. பெரியவர்களுக்குப் பக்தி குறைகிறது என்ற கவலை. பிள்ளைகளுக்கு, ராத்திரி பகலாக உழைத்ததை யாரும் மதிக்கவில்லை என்ற வருத்தம். இரண்டுமே நியாயம்தான்.

அன்று வழி சொன்னவர், பேரவையில் கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்த, ரயில் பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். "சாமி, சத்தம் போடறது ரயில் இல்ல. பலகை" என்றார்.

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள உங்கள் செல்பேசியே போதும். அதை அதிர்வில் வைத்துக் கையில் பிடித்திருங்கள். அழைப்பு வந்தால் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதையே கோயில் பெஞ்சின் மேல் வைத்துவிட்டால், திருப்பலி நடுவில் மொத்தக் கோயிலும் திரும்பிப் பார்க்கும். (நடந்திருக்கிறது. யார் என்று சொல்லமாட்டேன்.) செல்பேசி ஒன்றுதான், அதிர்வும் ஒன்றுதான். பெஞ்சின் பலகை அந்த அதிர்வை வாங்கித் தன் முழுப் பரப்பாலும் காற்றைத் தள்ளுகிறது. வீணையில் தந்தி மட்டும் இருந்தால் யாருக்குக் கேட்கும்? மரக்குடம் சேர்ந்து அதிர்வதால்தான் அது நாதமாகிறது. எங்கள் குடிலிலும் அதேதான். சக்கரம் தண்டவாளத்தில் உருளும்போது ஒரு சிறு அதிர்வு பிறக்கிறது. அது திருகாணி வழியாகப் பலகைக்குள் இறங்குகிறது. மெல்லிய பலகை, நடுவில் தாங்கல் இல்லை, கீழே துணியால் மூடிய வெற்றிடம். ஒரு தவில் செய்ய இதைவிட வேறென்ன வேண்டும்?

பெரிய ரயிலிலும் இந்தத் தொல்லை உண்டு என்று அவர் சொன்னார். விழுப்புரத்திலிருந்து வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்கு வரும் பாதை 1879-இல் திறக்கப்பட்டது. அது மீட்டர் கேஜாக இருந்த காலத்தில் அதில் பயணம் செய்தவர்களுக்கு அந்தத் 'தடக் தடக்' சத்தம் இன்னும் காதில் இருக்கும். பன்னிரண்டு, பதின்மூன்று மீட்டருக்கு ஒரு முறை தண்டவாளத்தில் ஓர் இணைப்பு வரும். வெயிலில் இரும்பு நீளும் என்பதால் அங்கே சிறு இடைவெளி விட்டிருப்பார்கள். ஒவ்வொரு சக்கரமும் அந்த இடைவெளியில் விழுந்து எழுந்து போகும். இப்போது தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிடுகிறார்கள். அந்தத் தட்டு பெரும்பாலும் போய்விட்டது. கான்கிரீட் கட்டைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே சில மில்லிமீட்டர் தடிமனில் ஒரு ரப்பர் அட்டை வைக்கிறார்கள். அதற்கும் கீழே கருங்கல் ஜல்லி. ஜல்லி ஏதோ அழகுக்குக் கொட்டியது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அது பாரத்தைப் பரப்பித் தாங்குகிறது, மழைநீரை வடிய விடுகிறது, அதிர்வையும் ஓரளவு வாங்கிக்கொள்கிறது. ஒன்றோடொன்று ஒட்டாமல் கொஞ்சம் அசைய இடமிருப்பதால்தான் ஜல்லியால் அது முடிகிறது. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வையுங்கள்.

பிள்ளைகள் அவரையே குருவாக வைத்து வேலையைத் தொடங்கினார்கள். வெளிநாட்டில் இப்படி ரயில் வைத்திருப்பவர்கள் தக்கை மரப்பட்டையில் செய்த தாளைத் தண்டவாளத்தின் கீழ் ஒட்டுவார்களாம். இங்கே அது எளிதில் கிடைக்காது. செருப்பின் அடியில் போடும் மெத்தென்ற ரப்பர் ஷீட்டை வாங்கி வந்து, நீளமாக நறுக்கி, தண்டவாளத்தின் கீழே வைத்தார்கள். இணைப்புகளில் துருத்திக்கொண்டிருந்த முனைகளை அரத்தால் தேய்த்தார்கள். சக்கரங்களில் படிந்திருந்த அழுக்கைச் சுரண்டி எடுத்தார்கள். பெருமையாக ஓட்டிப் பார்த்தார்கள். சத்தம் கொஞ்சம்கூடக் குறையவில்லை.

பெரியவர் குனிந்து பார்த்துச் சிரித்தார். ரப்பரை வைத்தவர்கள், அதன் மேலேயே பழைய திருகாணிகளைப் பலகை வரை இறக்கி முடுக்கியிருந்தார்கள். மெத்தை நடுவில் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு திருகாணியும் அதைத் துளைத்துக்கொண்டு அதிர்வை நேராகப் பலகையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதிர்வுக்கு ஒரு பாலம் இருந்தால் போதும், சுற்றிலும் எவ்வளவு மெத்தை இருந்தாலும் அது அந்தப் பாலத்தில் நடந்து வந்துவிடும்.

திருகாணிகளை எல்லாம் கழற்றினார்கள். குளியலறை ஓரங்களில் பூசுவார்களே சிலிக்கான் பசை, அதைத் தடவி ரப்பரையும் தண்டவாளத்தையும் ஒட்டினார்கள். அது காய்ந்த பிறகும் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். சத்தம் பாதிக்கு மேல் அடங்கியது. அந்த மகிழ்ச்சியில் நிஜப் பாதை மாதிரி இருக்கட்டும் என்று பொடிச் சரளையைத் தூவி, மரப் பசையைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் பழைய இரைச்சல் திரும்பி வந்திருந்தது. பசை காய்ந்து, சரளையெல்லாம் ஒரே கல்லாக இறுகி, தண்டவாளத்தையும் பலகையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. ஜல்லிக்கு அசைய இடம் வேண்டும் என்றேனே, அது இதுதான். அதையும் ஈரத்துணி போட்டு ஊற வைத்துச் சுரண்டி எடுத்து, இரண்டாம் முறை சரளையை ரப்பரின் சரிவில் மட்டும், பலகையைத் தொடாமல் ஒட்டினார்கள். பலகைக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக ரீப்பர் அடித்தார்கள். துணிக்குள் இருந்த வெற்றிடத்தில் ஒரு பழைய தென்னைநார் மெத்தையைத் திணித்தார்கள். எஞ்சின் வேகத்தையும் குறைத்தார்கள். பெரிய ரயிலே ஊருக்குள் மெதுவாகத்தானே வருகிறது! இப்போது ரயில் வருகிறது என்பதைப் பக்கத்தில் நின்றால்தான் காது சொல்லும்.

அன்பார்ந்தவர்களே, இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த நாள்களில் எனக்கு எங்கள் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளின் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் குருவாகப் பல பங்குகளில் இருந்துவிட்டேன். வீட்டில் சண்டை நடக்கிறது என்பதைக் கணவனோ மனைவியோ வந்து சொல்வதற்கு முன்பே பிள்ளையைப் பார்த்தால் தெரிந்துவிடும். கரும்பலகை அழிப்பான் கீழே விழுந்தால் ஒரு பிள்ளை மட்டும் தூக்கிவாரிப்போட்டு நிமிரும். அப்பாவின் மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்கும்போது, ஸ்டாண்டை எப்படிப் போடுகிறார் என்ற சத்தத்திலேயே இன்று குடித்திருக்கிறாரா இல்லையா என்று சொல்லிவிடும் பிள்ளைகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். நம் பகுதியில் சாராயக் கடைக்குப் பஞ்சமில்லை என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? சண்டை போடுவது இரண்டு பேர். ஆனால் அதிர்வது அந்தப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் அது இன்னொரு பிள்ளையை அடிக்கிறது, படிப்பில் பின்தங்குகிறது, ஒன்றுமில்லாததற்கு அழுகிறது. "இந்தப் பிள்ளை ஏன் இப்படிச் சத்தம் போடுது?" என்று நாம் அந்தப் பிள்ளையைக் கேட்கிறோம். பலகையைப் பார்த்துக் கேட்கும் கேள்வி அது.

எல்லா வீட்டிலும் உரசல் உண்டு. சக்கரம் உருண்டால் அதிர்வு வரத்தான் செய்யும். கடன் இருக்கிறது, மாமியார் இருக்கிறார், நடவுக்குப் பணம் இல்லை, பெண்ணுக்கு வரன் அமையவில்லை. உரசலே இல்லாத குடும்பத்தை நான் இதுவரை மந்திரித்ததில்லை. நான் கேட்பதெல்லாம், அது எந்த வழியாகப் பிள்ளைக்குள் இறங்குகிறது என்பதைத்தான்.

பல வீடுகளில் அந்தத் திருகாணியை நாமே முடுக்குகிறோம். கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதில்லை. நடுவில் பிள்ளை. "உங்கப்பாகிட்ட சொல்லு, காஸ் தீர்ந்துபோச்சுன்னு." "உங்கம்மாகிட்ட சொல்லு, எனக்குச் சோறு வேண்டாம்னு." ஐந்து வயதுப் பிள்ளை கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து, இரண்டு பேரின் கோபத்தையும் சுமக்கிறது. இன்னும் சில தாய்மார்கள், அவர்களுக்குச் சொல்லி அழ வேறு ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும், ராத்திரி பிள்ளையைக் கட்டிக்கொண்டு அப்பாவைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் அன்பான பாட்டி இருக்கலாம், நல்ல பள்ளி இருக்கலாம், ஞாயிறுதோறும் திருப்பலிக்கும் வரலாம். இத்தனை மெத்தைக்கும் நடுவே அந்த ஒரு திருகாணி இருந்தால் போதும். தூதுபோகும் வேலையைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். இந்தத் திருவருகைக் காலத்தில் ஒரு தவமுயற்சி வேண்டுமென்று கேட்பவர்களுக்கு நான் அசைவத்தை நிறுத்தச் சொல்லவில்லை, இதை நிறுத்தச் சொல்கிறேன்.

"அப்படியானால் பேசாமலே இருந்துவிடுகிறோம் சாமி" என்பார்கள் சிலர். ரயிலை எடுத்து அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டாலும் சத்தம் வராதுதான். ஒரே கூரையின் கீழ் மாதக் கணக்கில் முகம் பார்க்காமல் இருப்பது அந்த வகை அமைதி. 2012-ஆம் ஆண்டு உலக சமூகத் தொடர்பு நாளுக்காகத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் எழுதிய செய்தி, மௌனத்தையும் வார்த்தையையும் இணைபிரியாதவையாகக் காட்டியது. வார்த்தை பிறக்காத மௌனம் வெறும் வெற்றிடம். நம் பலகைக்கு அடியில் இருந்ததே, அதே மாதிரி. அது சின்னச் சத்தத்தையும் பெரிதாக்கும்.

குடிலில் நிற்கும் சூசையப்பரைப் பாருங்கள். நற்செய்தி நூல்களில் அவர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. மரியா கருவுற்றிருப்பது தெரிந்தபோது, அந்த அதிர்ச்சியை ஊருக்குள் இறக்கிவிடாமல் தனக்குள் வைத்து யோசித்தார். ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. கனவிலிருந்து எழுந்தார், மரியாவை ஏற்றார், பெத்லகேமுக்குப் போனார், குழந்தையின் உயிருக்கு ஆபத்து என்றதும் இரவோடு இரவாக எகிப்துக்குப் புறப்பட்டார். அவர் வாழ்க்கை முழுவதும் ஓட்டம்தான். ஏரோதின் வெறியால் அடுத்த வீடுகள் அலறியபோதும், அந்தக் குழந்தை அவர் கையில் தூங்கியிருக்கும்.

ஓரேபு மலையில் எலியா இறைவாக்கினர் ஆண்டவருக்காகக் காத்திருந்தார். பெருங்காற்று, நிலநடுக்கம், நெருப்பு, எதிலும் ஆண்டவர் இல்லை. அதன்பின் வந்த மிக மெல்லிய ஒலியில்தான் அவரை அறிந்தார். அந்த மெல்லிய ஒலி எலியாவுக்குக் கேட்டது. நம் வீட்டில் அது கேட்குமா? அல்லது எங்கள் பாட்டி சொன்னதுபோல, நாம் சொல்லும் அருள் நிறைந்த மரியே நமக்கே கேட்காமல் போகிறதா?

மெத்தையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல குடும்பங்களில் யாராவது ஒருவர் மெத்தையாக இருக்கிறார். பெரும்பாலும் அது வீட்டின் மூத்த பெண். எல்லோருடைய கோபத்தையும் வாங்கிக்கொண்டு, வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்கிறவர். ரயில் பாதையில் வைத்த ரப்பர் அட்டையே சில ஆண்டுகளில் நசுங்கி, தேய்ந்து, மாற்ற வேண்டியதாகிவிடும் என்று எங்கள் பெரியவர் சொன்னார். ரப்பருக்கே அப்படி என்றால் மனுஷிக்கு? அவரை ஒரு நாள் உட்கார வைத்து, அவர் பேசுவதைக் கேளுங்கள். அன்பியக் கூட்டங்களில் செபம் முடிந்ததும் எழுந்து ஓடாமல், பக்கத்து வீட்டு அக்காவிடம் பத்து நிமிடம் பேசிவிட்டுப் போங்கள். பாரத்தைப் பரப்பித் தாங்க ஜல்லிக்குப் பல கற்கள் வேண்டும்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடி விழுகிற வீட்டைப் பற்றி நான் இதுவரை பேசவில்லை. அங்கே மெத்தை வைத்து அடக்கிக்கொள்ளுங்கள் என்று எந்தக் குருவானவரும் சொல்லக்கூடாது, நானும் சொல்லமாட்டேன். தண்டவாளம் உடைந்திருந்தால் ரப்பர் வைக்கமாட்டார்கள், சிவப்புக் கொடி காட்டி ரயிலை நிறுத்துவார்கள். கை நீட்டுகிற கணவன், பிள்ளையை அடித்துக் காயப்படுத்துகிற தந்தை, இவை குடும்ப மானத்துக்காக மூடி மறைக்கும் காரியங்கள் அல்ல. அங்கே சத்தம் வெளியே கேட்க வேண்டும். பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098 என்ற எண்கள் இருக்கின்றன. எந்த நேரமும் கூப்பிடலாம். கூப்பிடப் பயமாக இருந்தால், உங்கள் பங்குக் குருவிடமோ கன்னியர் மடத்திலோ போய்ச் சொல்லுங்கள், அவர்கள் உங்களோடு வருவார்கள்.

குடிப்பழக்கத்தை விட வேண்டும் என்று நினைத்தும் முடியாமல் தவிக்கும் சகோதரர்களே, உங்களையும் மறக்கவில்லை. வருகிற 24-ஆம் தேதி இரவு மட்டுமாவது வண்டியை நேராக வீட்டுக்கு விடுங்கள். பிள்ளை ஸ்டாண்டு போடும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். அன்று அது வேறு சத்தமாக இருக்கட்டும். மறுநாள் பேச வேண்டுமென்றால் என் அறைக்கு வாருங்கள். அறிவுரை சொல்லமாட்டேன், தேநீர் தருவேன்.

எங்கள் குடில், நள்ளிரவுத் திருப்பலி முடிந்ததும் திறக்கப்பட்டு, திருக்காட்சிப் பெருவிழா வரை இருக்கும். பாகூர் வழியாக வருபவர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்து பார்க்கலாம். மாலை ஆறரை மணிக்குப் பாட்டிமார்கள் குடில் முன்னால் செபமாலை சொல்வார்கள். அந்த நேரத்திலும் ரயில் ஓடும்.